தண்டவாளம் கிடந்த தடத்தில் மிதிவண்டி: பிரிஸ்டல்–பாத் பாதை

வாகன இரைச்சலின்றிச் சாலை மிதிவண்டி ஓட்ட விரும்புவோருக்கு, இங்கிலாந்தின் பிரிஸ்டல், பாத் நகரங்களை இணைக்கும் ரயில்வே பாதையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மீது 1979 முதல் 1986 வரை படிப்படியாக அமைக்கப்பட்ட இப்பாதை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடையது. ரயில்களுக்காகச் சமன்படுத்திய தடம் என்பதால் ஏற்றங்கள் மென்மையாகவே இருக்கின்றன; தார்த்தளத்தில் மெல்லிய டயர்களும் சீராக உருள்கின்றன.

ஸ்டேப்பிள் ஹில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காற்று சட்டெனக் குளிர்கிறது. விளக்குகள் வரிசையாய் எரியும் அந்த நீண்ட குகையில் நம் சங்கிலியின் ஓசையே சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்பதற்காகவே நான் மிதிப்பதை மெதுவாக்கினேன். பிட்டன் நிலையத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் இன்றும் பாதையை ஒட்டியே ஓடுகின்றன. அதன்பின் புல்வெளிகளும், மீண்டும் மீண்டும் குறுக்கிடும் ஏவன் ஆறும்தான் துணை.

நடப்போரும் குழந்தைகளும் பயன்படுத்தும் பொதுப் பாதை இது. வேகப் பயிற்சிக்கு ஏற்றதன்று. வார இறுதியைத் தவிர்த்து, காலையிலேயே கிளம்புவது நல்லது.

ரோமானியர் குளியலகம் அமைந்த பாத் நகரை அடைந்த பிறகும் தெம்பிருந்தால், 2013இல் திறக்கப்பட்ட இரட்டைச் சுரங்கப் பாதைக்கும் செல்லுங்கள். அங்குள்ள கூம் டவுன் சுரங்கம் மட்டுமே 1.6 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது.