வீட்டு ஹார்டு டிஸ்க்கா, நிறுவனத்தின் கிளவுடா?

அமெரிக்காவில் 1999இல் டிவோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது போன்ற, டிவி நிகழ்ச்சிகளை ஹார்டு டிஸ்க்கில் பதியும் வீட்டுப் பெட்டியில், பதிவு செய்த நிகழ்ச்சியை நாமே அழிக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் நிரம்பும், பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதே அதன் குறை.

நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கும் கிளவுட் பதிவில் இடத்துக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, கைபேசியிலும் பார்க்கலாம். ஆனால் யூடியூப் டிவி என்ற சந்தா டிவி சேவையில் 9 மாதம் என்பதுபோல, அங்கே பதிவுக்குப் பெரும்பாலும் கெடு உண்டு. வேறொரு நிறுவனத்தின் சேவையில், உள்ளூர் அலைவரிசை ஒளிபரப்பிய எங்கள் மகளின் பள்ளி இறுதிப் போட்டியைப் பாட்டி வந்ததும் காட்டலாம் என்று பதிந்து வைத்திருந்தோம். பாட்டியைச் சோபாவில் உட்காரவைத்துப் பட்டியலைத் திறந்தால், அந்த வரியே இல்லை. மாதந்தோறும் சந்தா கட்டுபவருக்கு, அழிப்பதற்கு முன் ஓர் அறிவிப்புகூட அனுப்பாதது நியாயமே அல்ல.

அன்றாடச் செய்திக்கும் தொடருக்கும் கிளவுட் போதும். மறுஒளிபரப்பே வராத நிகழ்ச்சிக்கு வீட்டுப் பெட்டியையே நம்புவேன்.