ஏற்காடா, கொல்லிமலையா?

பெங்களூரு அல்சூரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஓசூர், தருமபுரி, தொப்பூர் தாண்டிச் சேலம் வரை இரண்டு மலைக்கும் ஒரே சாலைதான்.

ஏற்காடு சுலபம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏரிக்கரையிலேயே நின்றுவிடாமல், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நாகலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். குப்பனூர் வழியாக இறங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

கொல்லிமலைக்கு இரண்டு நாளாவது வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள். பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் வயிறு முட்டச் சாப்பிட வைத்து ஏறாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

மேலே வல்வில் ஓரி ஆண்ட மண். வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்த்தொகுதிகளுக்கு இன்றும் நாடு என்றே பெயர். சோளக்காடு சந்தையில் பலாவும் அன்னாசியும் குவிந்திருக்கும். ஒரு பாட்டி கத்தியில் எண்ணெய் தடவிப் பலாவைப் பிளந்து, "மொதல்ல தின்னு பாரு சாமி, அப்புறம் காசு குடு" என்று இரண்டு சுளையை என் கையில் வைத்தார். அந்த மணம் பெங்களூரு வரை காரிலேயே இருந்தது. அந்தச் சந்தையில் சாமையும் வாங்கலாம்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவோடு போவதென்றால் ஏற்காடு. மற்றபடி நான் வண்டியைத் திருப்புவது கொல்லிமலைக்குத்தான்.