18 கிலோ குறைந்த பிறகு: உறையூர் ஆல்டரேஷன் கடை ஒன்றில் என் அனுபவம்

திருச்சி உறையூரில் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த ஆல்டரேஷன் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு தையல் இயந்திரங்கள், துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் மெஷின், சுவரோரம் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் துணிப்பைகள், நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. கடையை நடத்துபவரை அந்தப் பகுதியில் எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். கடந்த 14 மாதங்களில் நான் நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். எடையைக் குறைத்துக்கொண்டிருக்கும் பெண்கள், குறிப்பாகத் தினமும் சேலை கட்டி வேலைக்குப் போகிறவர்கள், பழைய துணிகளை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நாள் ஒன்று வரும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியையான எனக்கு உயரம் 157 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று வந்தபோது எடை 82 கிலோவாக இருந்தது. சோற்றைப் பாதியாக்கி, தினமும் நடந்து, பிறகு வீட்டிலேயே சிறிய எடைகளைத் தூக்கிப் பயிற்சி செய்து இப்போது 64 கிலோவுக்கு வந்திருக்கிறேன். மார்பளவு 44 அங்குலத்திலிருந்து 38 ஆனது; தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு 40லிருந்து 33 ஆனது; பின்புறச் சுற்றளவு மட்டும் 45லிருந்து 40 வரைதான் இறங்கியிருக்கிறது. எந்த இடத்தில் குறைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பொதுவாக வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு முதலில் கரைகிறது. பெண்களுக்குத் தொடையிலும் பின்புறத்திலும் இருப்பது கடைசிவரை பிடிவாதமாக நிற்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பதால், எனக்கு இன்னும் சுமார் 4 செ.மீ. பாக்கி இருக்கிறது.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சேலைக்கு அளவே கிடையாது, உள்பாவாடைக்கும் நாடாதான். எடை கூடும்போது கொசுவத்தில் இரண்டு மடிப்புக் குறையும், எடை குறையும்போது இரண்டு மடிப்புக் கூடும், நமக்கு எதுவும் தெரியாது. நான் 82 கிலோவுக்குப் போனதை இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் இருந்ததற்கும் இதுவே காரணம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். உண்மையைச் சொல்லும் ஒரே துணி ரவிக்கைதான். பெரும்பாலான தையல்காரர்கள் ரவிக்கையின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று தையல் வரிகளை அடுத்தடுத்துப் போட்டுத் தருவார்கள். பருத்தால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். என் பழைய ரவிக்கைகளைத் திருப்பிப் பார்த்தபோது, எல்லா வரிகளையும் ஆண்டுக்கு ஒன்றாக நானே பிரித்திருந்தேன் என்பது தெரிந்தது. பிரித்த ஒவ்வொரு வரியிலும் ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே நிற்கின்றன.

ஆறாவது மாதத்தில் 73 கிலோவில் இருந்தபோது, வேறொரு தையல் கடையில் எட்டு ரவிக்கைகளைக் கொடுத்துப் பிடித்துத் தரச் சொன்னேன். அங்கே என் உடலை அளக்கவே இல்லை. ‘லூஸாக இருக்கிறதா?’ என்று கேட்டு, இரண்டு பக்கத் தையலிலும் சேர்த்துச் சுற்றளவில் 3 அங்குலம் குறைத்து, சிலவற்றில் மிஞ்சிய துணியை வெட்டி ஓவர்லாக்கும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் இறுக்கமாக இருந்தது. ஆனால் தோள்பட்டை நழுவியது, கழுத்துக்குப் பின்னால் துணி எழும்பி நின்றது, கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறியது. உடல் பக்கவாட்டில் மட்டும் குறைவதில்லை என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். கழுத்தோரமும் தோளும் வற்றுகின்றன, அக்குள் சுற்று சிறுக்கிறது, மார்பு சிறுத்துச் சற்றுக் கீழே இறங்குகிறது. முன்பக்க டார்ட்டின் (மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துப் போடும் முக்கோணத் தையலின்) முனைகளோ பழைய இடத்திலேயே நிற்பதால், அக்குள் பக்கமாக விலகி, கூம்பு போல வெறுமனே துருத்துகின்றன.

அந்த எட்டில் ஒன்றை அணிந்துகொண்டுதான் முதன்முறை இந்தக் கடைக்குப் போனேன். அக்கா டேப்பை எடுப்பதற்கு முன் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார், பிறகு குனியச் சொன்னார். தோளில் முக்கால் அங்குலத் துணியை விரலால் கிள்ளிப் பிடித்துக் குண்டூசி குத்தினார். உடனே கழுத்தின் பின்புறம் எழும்பி நின்ற துணி படிந்து உட்கார்ந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதன் பிறகே சாக்பீஸால் டார்ட்டின் புதிய முனையைக் குறித்தார். பழைய முனையிலிருந்து அது அரை அங்குலம் உள்ளேயும் அரை அங்குலம் கீழேயும் இருந்தது. ‘பக்கத்துல பிடிச்சா மட்டும் பிரயோஜனம் இல்ல டீச்சர். கையக் கழட்டி, தோள ஏத்தி, மறுபடி கை வைக்கணும். அதுக்குத்தான் காசு’ என்றார். அளவு ரவிக்கை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னபோது அதை வாங்கிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். அது என் பழைய உடம்பின் அளவு என்பது அவர் கணக்கு.

எட்டில் ஐந்தை மீட்டுத் தந்தார். மற்ற மூன்றில் துணி வெட்டப்பட்டிருந்ததால் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றளவில் 4 அங்குலத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் பிரித்து முழுவதும் புதிதாக வெட்டுவதே சரி, இல்லாவிட்டால் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் உள்ள விகிதம் கெட்டுவிடும் என்பது அவர் வைத்திருக்கும் எல்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுக்கவும் அவர் விடவில்லை. எடை நின்ற பிறகு பட்டு ரவிக்கைகளைத் தொடலாம், அதுவரை தினமும் அணியும் நான்கை மட்டும், ஐந்தாறு கிலோவுக்கு ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும் என்றார். உடலியலும் இதற்குப் பொருந்தி வருகிறது. முதல் சில வாரங்களில் தராசில் காணும் இறக்கத்தில் நீரே கணிசமான பங்கு. உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. அந்த எடையை நம்பித் துணியை வெட்டினால் திரும்பி வரும்போது திண்டாட வேண்டியதுதான். இதற்கு நேரெதிராக, எனக்கு 69 கிலோவில் எடை இரண்டு மாதம் அசையாமல் நின்றது. ஆனாலும் ரவிக்கை ஓர் அங்குலம் தளர்ந்தது. கொழுப்பு தசையைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. பயிற்சியால் தசை சேர்ந்து கொழுப்பு கரையும் காலத்தில் தராசு நின்றாலும் டேப் நகரும். மனம் சோர்ந்திருந்த அந்த நாட்களில் என்னைத் தொடர வைத்தது, அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்த அந்த ஓர் அங்குல வித்தியாசம்தான்.

கையளவு மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. மேற்கையில் கொழுப்பு போனாலும் தோல் தளர்ந்து தொங்குவதால், சுற்றளவை டேப் சொல்வதுபோல் வைத்தால் கை விளிம்பு சதையைக் கவ்வுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே வரும்படி நீளத்தைக் கூட்டி, கால் அங்குலம் தளர்வாக அவர் வைத்துத் தந்தது நன்றாக அமைந்தது. வளையலும் மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2-8 போட்டிருந்த எனக்கு இப்போது 2-6 சரியாக இருக்கிறது. பழைய தங்க வளையல்கள் பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது முழங்கை வரை இறங்குகின்றன.

சுடிதார்களில் அவருடைய வேலை சுமார்தான். ரெடிமேட் டாப்பில் பக்கத்தைப் பிடித்தால் ஸ்லிட் தொடங்கும் இடம் இழுத்துக்கொள்கிறது. பேன்ட்டின் பின்புறம் சரியாக வரவில்லை. மார்புக்கு எம், பின்புறத்துக்கு எக்ஸ்எல் என்று இருக்கும் உடலுக்கு ரெடிமேடில் பொருத்தம் கிடைப்பதும் அரிது. இந்திய உடல்வாகுக்கென்று தனி அளவுப் பட்டியல் உருவாக்க ஆடை வடிவமைப்பைக் கற்பிக்கும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் நாடு தழுவிய அளவெடுப்பை மேற்கொண்டதே இந்தக் குறையால்தான். அது கடைகளுக்கு வரும் வரை சுடிதாருக்கு வேறு தையல்காரரைப் பார்ப்பதே நல்லது.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். அணிந்து பார்க்க ஒரு திரைமறைவு மட்டுமே இருக்கிறது; அது முழுவதும் மூடுவதில்லை. ரசீது கிடையாது, நோட்டில் எழுதுவதோடு சரி. சாதாரண நாட்களில் பத்து நாள் ஆகும், தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஆல்டரேஷனையே எடுப்பதில்லை. பக்கத்தை மட்டும் பிடிக்க 80 ரூபாயும், தோளையும் கையையும் கழற்றி வைக்க 220 ரூபாயும் வாங்கினார். லைனிங் வைத்துப் புதிதாகத் தைக்க எனக்கு ஆகும் 650 ரூபாயோடு ஒப்பிட்டால் இது நியாயம்தான். ஆனால் பழைய காட்டன் ரவிக்கைக்கு 220 கொடுப்பது எனக்கே ஒருமுறை மனம் ஒப்பவில்லை.

நான்காவது முறை என் கல்யாணப் பட்டு ரவிக்கையை எடுத்துப் போனேன். 22 ஆண்டுகளுக்கு முன் தைத்தது. பின்னாளில் இரண்டு வரி பிரித்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே மடிந்திருந்த அரக்கு நிறம் அப்படியே இருக்க, வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. பிரித்த கோட்டிலேயே மறுபடி தையல் போட்டால் துளைகள் மறையும், நிறமும் ஒன்றாகிவிடும் என்றார். பழைய துளைகளின் மேலேயே ஊசியை ஓட்டி, துணியை ஓர் இழைகூட வெட்டாமல் தந்தார். முதல் வரியில் சரியாக நின்றது.

செவ்வாய், புதன் காலை 11 மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. தினமும் போடும் உள்ளாடையையே அணிந்து போங்கள். அதை மாற்றினால் டார்ட்டின் முனை மாறிவிடும்.