நீலக் குழந்தைக்கு முதலில் ஷண்ட்டா, ஒரேயடியாக முழு ஆபரேஷனா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, பிள்ளைக்கு நாலு மாசம், டி.ஓ.எஃப்.னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டர் மொதல்ல ஷண்ட் போடலாம்கிறார், இன்னொருத்தர் கொஞ்சம் பொறுத்து மொத்தமா பண்ணிரலாம்கிறார். எதுலண்ணே பிள்ளை பொழைக்கும்?" நான் டாக்டர் இல்லை. எங்கள் அக்கா மகளுக்கும் இதே கோளாறு, பதிமூன்று வருடமாக எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்பதால் கேட்கிறார்கள். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டி.ஓ.எஃப். என்பது ஃபாலோ டெட்ராலஜி, பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகல், இரண்டும் சேர்ந்து கெட்ட ரத்தம் சுத்தமாகாமலே உடம்புக்குப் போய்விடும். எங்கள் பாப்பா குளிப்பாட்டும்போது வீறிட்டு அழுதால் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆகிவிடும். தோஷம் என்று மந்திரிக்கக் கூட்டிப்போனதில் எங்களுக்கே இரண்டு மாதம் வீணானது. ஆபரேஷன் இல்லாமல் விட்டால் நூறில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, மூன்று வயதுக்குள் பாதி போய்விடும், பத்து வயதைத் தொடுவது கால்வாசிதான் என்கிறது பழைய கணக்கு. அதனால் "ஒண்ணும் பண்ணாம பாப்போம்" என்பது இந்த ஒப்பீட்டிலேயே இல்லை.

ஷண்ட் என்பது பழைய வழி. 1944இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டாக்டர்கள் பிளேலாக், டாசிக், ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ் மூவரும் சேர்ந்து கொண்டுவந்தது. கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்துவிடுவார்கள். இன்றைக்கு அந்த இணைப்புக்குச் செயற்கைக் குழாய், சின்னப் பிள்ளைக்கு 3.5 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பேனா ரீஃபில் தடிமன். இதயத்தைத் திறப்பதில்லை, ஓட்டை அப்படியேதான் இருக்கும். முழு ஆபரேஷனில் இதய-நுரையீரல் மெஷினில் போட்டு, ஓட்டையை அடைத்து, குறுகலை வெட்டி அகலப்படுத்துவார்கள்.

அப்புறம் எல்லாரும் கேட்கிற சக்சஸ் ரேட். முழு ஆபரேஷனில் நல்ல மையங்களில் நூறுக்கு ஒன்றிலிருந்து மூன்று இறப்பு. ஷண்ட்டுக்கு அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கு ஒன்றில் நூறுக்கு ஏழு. இதை வைத்து "ஷண்ட்தான் ஆபத்து" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அது தப்பு. அந்த ஏழு, ஒற்றைக் கீழறையோடு பிறந்த பிள்ளைகள் உட்பட எல்லா வகையும் சேர்ந்த கணக்கு, அதோடு ஷண்ட்டுக்கு வருவதே எடை குறைந்த, மோசமாக இருக்கிற பிள்ளைகள். எடையும் ரத்தக்குழாயும் ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

என் மனதை மாற்றியது வேறொரு கணக்கு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1955 முதல் 1960 வரை முழு ஆபரேஷன் செய்து முதல் மாதத்தைத் தாண்டியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், 32 வருடம் கழித்து நூறில் 86 பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்து வயதுக்குள் செய்துகொண்டவர்களில் 90, பன்னிரண்டு வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் 76. முன்னாலேயே பிளேலாக் ஷண்ட் போட்டிருந்தவர்களுக்கு அதனால் ஆயுள் குறையவில்லை. ஷண்ட் ஆளைக் கொல்லவில்லை, தாமதம்தான் கொன்றிருக்கிறது.

நம் பக்கத்தில் அந்தத் தாமதம் எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். பேரையூர்ப் பக்கத்துப் பையன், மூன்று மாதத்தில் ஷண்ட். உதடு சிவந்தது, பால் நன்றாகக் குடித்தான், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஒரு வருடத்தில் முழு ஆபரேஷனுக்கு வரச் சொன்னதை நடவு, அறுப்பு, சித்தப்பா கல்யாணம் என்று தள்ளிப் போட்டார்கள். பிள்ளை வளர்கிறான், ரீஃபில் வளராது. ஐந்து வயதில் அவன் தெருவில் நாலு எட்டு ஓடிவிட்டுச் சட்டென்று குந்தி உட்காருவான், முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. விளையாட்டென்று நினைத்தார்கள். குந்தினால் காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு நுரையீரல் பக்கம் கூடுதலாகத் திரும்பும், அதைப் பிள்ளையின் உடம்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஆபரேஷன் செய்து பிழைத்துவிட்டான், ஆனால் வென்டிலேட்டரில் கிடந்த நாட்களை அவன் அம்மா இன்னும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

ஆகவே என் கருத்து: நுரையீரல் குழாய்கள் போதுமான அளவில் இருந்து, ஆறு மாதத்தை நெருங்கி, ஆக்சிஜன் அளவு விழாமல் இருந்தால் முழு ஆபரேஷனே மேல். ஒரே தேதிதான், தவறவிட இரண்டாவது தேதி இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்பதுதான் இந்திய டாக்டர்களின் வழிகாட்டுதலும். அதற்கு முன்னாலேயே நீலம் பாய்ந்து மயங்கினாலோ, நுரையீரல் குழாயின் கிளைகள் மெலிந்திருந்தாலோ, வெட்ட வேண்டிய இடத்தின் குறுக்கே இதயத்தின் சொந்த ரத்தக்குழாய் ஓடினாலோ ஷண்ட்டுக்குத் தயங்கவே கூடாது. சில இடங்களில் ஷண்ட்டுக்குப் பதில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் வலைக்குழாய்) வைக்கிறார்கள், அதுவும் இடைக்கால ஏற்பாடுதான். ஷண்ட் போட்ட பிள்ளைக்குக் கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகிக் குழாய் அடைத்துவிடும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

முழு ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பாப்பாவுக்குப் பதினோரு மாதத்தில் முடிந்தது, இப்போது எட்டாம் வகுப்பு, ஆனால் அகலப்படுத்திய இடத்தில் வால்வு கசிகிறது. என்றைக்காவது புது வால்வு வைக்க வேண்டியிருக்கும், அதனால் வருடத்துக்கு ஒரு எக்கோ.

உசிலம்பட்டித் தம்பி மறுபடி டாக்டரிடம் போய், குழாய் அளவு என்ன, காத்திருந்தால் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறார். நுரையீரல் குழாயின் இடது கிளை ரொம்பச் சின்னது, பிள்ளைக்கு இரண்டு தடவை மூச்சும் முட்டியிருக்கிறது, அதனால் ஷண்ட் என்று முடிவாகிவிட்டது. இரண்டாவது ஆபரேஷன் எந்த மாதம் என்பதையும் கேட்டு வாங்கி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் உறை மேலேயே எழுதி வைத்திருக்கிறார்.