ஹகோனேயில் ‘பிரைவேட் ஓன்சென்’ அறைக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

டோக்கியோவுக்குப் பக்கத்தில், ‘ஓன்சென்’ எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் பேர்போன மலையூர் ஹகோனே. அங்கே போய் ஏமாந்தவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முன்பதிவுத் தளத்தில் பார்த்த படத்தில் மரத்தொட்டி, பால் கலந்தது போன்ற வெந்நீர், பின்னால் பச்சை மலை. மேலே ‘பிரைவேட் ஓன்சென் அறை’ என்று தலைப்பு. போய்ச் சேர்ந்து குழாயைத் திறந்தால் வருவது ஊருக்கெல்லாம் வரும் குடிநீர்தான். கேஸில் சூடாக்கித் தருகிறார்கள். ஊற்றுநீர் வேண்டுமென்றால் கீழ்த்தளத்துப் பொதுக் குளியலுக்குப் போகச் சொல்வார்கள். நாலு பேர் நடுவில் ஆடையில்லாமல் குளிக்கக் கூச்சப்பட்டுத்தான் அந்த அறைக்கு அதிகப் பணம் கட்டினார்கள் என்பதை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. பணம் கட்டிய இடத்தில் கேளுங்கள் என்பார் விடுதிக்காரர். விடுதி தந்த விவரத்தைத்தான் போட்டோம் என்பார்கள் தளத்துக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் முழுப் பணமும் போய்விடும்.

இந்தச் சிக்கலின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘ரோதென்புரோ’ என்றால் திறந்தவெளிக் குளியல் தொட்டி. கூரையில்லாத இடத்தில் தொட்டி இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. அதற்குள் ஊற்றுநீர்தான் வரும் என்று அது சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு இயந்திரமும் தரகர்த் தளங்களும் ‘ரோதென்புரோ உள்ள அறை’ என்பதை அப்படியே ‘பிரைவேட் ஓன்சென்’ ஆக்கிவிடுகின்றன. பால்கனியில் தொட்டி வைத்துக் குழாய்நீரைச் சூடாக்கி விடும் அறையும் ரோதென்புரோ அறைதான். அந்த நீருக்கு அங்கே ‘சராயு’ என்று பெயர். நீங்கள் தேடவேண்டிய சொல் ‘ஓன்சென் ரோதென்புரோ’. அறை விவரத்தில் ஓன்சென் என்ற சொல் தொட்டியோடு ஒட்டி வரவில்லை என்றால் குழாய்நீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் விடுதிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அறையின் பெயரைக் குறிப்பிட்டு, அந்த அறைத் தொட்டிக்கு வருவது ஓன்சென் நீரா, சராயுவா என்று கேளுங்கள். ஓன்சென் என்றால் அது ‘கென்சென் காகேநகாஷி’யா, ‘ஜுன்கான்’ முறையா என்றும் கேளுங்கள். முதலாவதில் ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டியில் விழுந்து, நிரம்பி, விளிம்பு வழியே வெளியேறிவிடும். இரண்டாவதில் அதே நீரை வடிகட்டி, சூடாக்கி, மருந்திட்டுத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். இரண்டும் சட்டப்படி ஓன்சென்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. பதில் எழுத்தில் வரட்டும். பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டு ஓன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிவரும் இடத்தில் நீர் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், அது ஓன்சென். அந்தச் சூடு இல்லாவிட்டாலும் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறித்த அளவுக்கு இருந்தால் அதுவும் ஓன்சென். ஆகவே சூடாக்கியிருக்கிறார்கள் என்பதற்காக மோசடி என்று சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. 2004-இல் நாகானோ மாகாணத்தின் ஷிராஹோனேயில், வெண்ணிற நீருக்குப் பேர்போன அந்த ஊரிலேயே, குளியல் பொடி கலந்து நீரை வெளுக்க வைத்தது அம்பலமானது. நாடே கொதித்தது. அதன் பிறகு 2005-இல் விதியைத் திருத்தினார்கள். வெறும் நீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுற்றவிடுகிறார்களா, குளியல் பொடியோ கிருமிநாசினியோ சேர்க்கிறார்களா என்ற நான்கையும் காரணத்தோடு அறிவிப்பாக ஒட்ட வேண்டும். 2007-இலிருந்து நீரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

அந்த அறிவிப்பு ஆடை மாற்றும் அறையிலோ அதன் வாசலிலோ ஃபிரேம் போட்டுத் தொங்கும். பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும் என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்கு சொற்களைக் காதில் போட்டுக்கொண்டால் வரவேற்பில் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம்: ‘காசுய்’ என்றால் நீர் கலப்பது, ‘காஓன்’ சூடாக்குவது, ‘ஜுன்கான்’ சுற்றவிடுவது, ‘ஷோதோகு’ கிருமிநாசினி. ஆடை மாற்றும் அறையில் போனை எடுக்கவே கூடாது. படம் எடுத்தால் பெரிய வம்பாகிவிடும். வரவேற்பு மேசையில் ‘ஓன்சென் புன்செகிஷோ’, அதாவது நீர் ஆய்வறிக்கை, வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கான விடுதி தயங்காமல் காட்டும்.

தொட்டியருகே போனதும் கண்ணாலும் பார்க்கலாம். நீர் விழும் வாய்க்குப் பக்கத்தில் குந்தி, விளிம்பைக் கவனியுங்கள். யாரும் இறங்காதபோதும் ஒரு ஓரத்தில் மெல்லிய ஏடாக நீர் வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தால், புதுநீர் இடைவிடாமல் வருகிறது. வாயில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தும் விளிம்பில் சொட்டுக்கூட வழியவில்லை என்றால், அடியில் எங்கோ ஒரு துளை அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பக்கச் சுவரை ஒட்டிக் கையை நகர்த்தினால் இழுப்பு தெரியும். நீச்சல் குளம் போலக் குளோரின் வாடை வந்தால் கிருமிநாசினி சேர்க்கிறார்கள் என்று பொருள். புதுநீர் விழும் வாயில் பல இடங்களில் தாது படிந்து வெள்ளையாகவோ துருநிறத்திலோ செதில் கட்டியிருக்கும்.

சுற்றவிடும் நீர் என்றாலே அசுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக மருந்திட்டு, வாரம் ஒருமுறையாவது முழுக்க மாற்றினால் அதில் குறையில்லை. மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் ஃபுகுவோகா மாகாணத்தில் ஒரு பழைய விடுதி சாட்சியானது. வாரந்தோறும் மாற்றவேண்டிய நீரை ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். லெஜியோனெல்லா கிருமி வரம்பைப் போல 3,700 மடங்கு வரை இருந்தது. நுரையீரலைத் தாக்கும் கிருமி அது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

நிறத்தை வைத்து ஏமாறுவது இன்னொரு வகை. ஹகோனே-யுமோதோ நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் நீர் பெரும்பாலும் தெளிவாக, நிறமில்லாமல் இருக்கும். அது போலி கிடையாது, அந்த இடத்து ஊற்றின் குணம் அது. வெண்ணிற நீர் வேண்டுமானால் கோரா, செங்கோகுஹரா பக்கம் போகவேண்டும். அங்கும் ஒரு விவரம் இருக்கிறது: ஓவாகுதானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்கின் நீராவியோடு நீரைச் சேர்த்து அங்கேயே ஊற்றுநீராக்கி, குழாய் வழியே கீழே அனுப்புகிறார்கள். சட்டப்படி நீராவியும் ஓன்சென்தான். யுமோதோ விடுதிக்குச் செங்கோகுஹராவின் வெள்ளை நீர்ப் படத்தைப் போட்டு விற்கும் தரகர்தான் ஏமாற்றுக்காரர். முகவரியைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

அடுத்து, டோக்கியோவிலிருந்து ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா. ஓவாகுதானி, ரோப்வே, ஆஷி ஏரிக் கப்பல், ஓன்சென் என எல்லாம் ஒரே நாளில் என்று விற்பார்கள். ஓன்செனுக்கு ஒதுக்குவது 40 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஆடை களைந்து, உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கவே வேண்டும். தலை துவட்டி வெளியே வரும் நேரத்தையும் கழித்தால் நீருக்குள் இருப்பது பத்து நிமிடம். சிலவற்றில் ‘ஓன்சென்’ என்பது கால் நனைக்கும் தொட்டி மட்டுமே.

ரோப்வே நிற்கும்போதுதான் உண்மையான நட்டம். சௌன்சானிலிருந்து ஓவாகுதானி வழியாகத் தோகெந்தாய் போகும் அந்தத் தடம் காற்று பலமானால் நிற்கும், எரிமலை வாயு கூடினாலும் நிற்கும். ஆண்டுப் பராமரிப்புக்கும் சில நாள் மூடுவார்கள். 2015 ஜூன் கடைசியில் ஓவாகுதானியில் சிறு வெடிப்பு நிகழ்ந்து எரிமலை எச்சரிக்கை 3-ஆம் நிலைக்குப் போனது. 2019 மே மாதம் மறுபடி 2-ஆம் நிலைக்கு ஏறி அக்டோபரில்தான் இறங்கியது. அப்போதெல்லாம் ஓவாகுதானி மூடியே கிடந்தது. இயற்கை செய்வதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘பாதை மாறலாம், பணம் திரும்பாது’ என்ற ஒரே வரியை விதிமுறையின் அடியில் ஒளித்துவைத்து, தலைப்பில் ரோப்வே படத்தைப் போட்டு விற்பது நேர்மையில்லாத வேலை. தனியாகப் போகிறவர்கள் அன்று காலை ரோப்வே ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, அங்குள்ள ரயில், பேருந்து, ரோப்வே, கப்பலுக்கெல்லாம் சேர்த்துத் தரும் ‘ஹகோனே ஃப்ரீபாஸ்’ வாங்குங்கள். ஷின்ஜுகுவிலிருந்து போகும் ரொமான்ஸ்கார் விரைவு ரயிலின் கூடுதல் கட்டணம் அந்தப் பாஸில் சேராது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜே.ஆர். ரயில் பாஸ் மலையடிவாரத்து ஓதவாரா நிலையம் வரைதான் செல்லும், அதற்கு மேல் மலை ரயிலுக்குத் தனிக் கட்டணம். புல்லட் ரயில்களில் நொசோமி ஓதவாராவில் நிற்காது, அங்கே நிற்கும் கொதமா பிடியுங்கள்.

ஆஸ்துமா, இதய நோய், பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஓவாகுதானிக்கு வரவேண்டாம் என்று அங்கேயே அறிவித்திருக்கிறார்கள். பணம் வாங்கும்போது இதைச் சொல்லாத சுற்றுலாக்காரர்கள் உண்டு. வாசலுக்கு வந்தபின் உங்களை வண்டியிலேயே உட்காரவைத்துவிடுவார்கள்.

விலையிலும் கவனம் வேண்டும். ரியோகான் எனப்படும் மரபு விடுதிகளில் விலை ஆளுக்கு இவ்வளவு என்றுதான், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. தளத்தில் 20,000 யென் என்று பார்த்து இருவருக்குமான அறை விலை என்று நினைத்துப் போனால் அங்கே 40,000 ஆகும். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென் குளியல் வரியும் உண்டு. குழந்தைக்குப் பெரியவர் உணவு, குழந்தை உணவு, படுக்கை மட்டும் என்று விகிதம் மாறும். முன்கூட்டியே வயதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். இரவுச் சாப்பாடு ஆறரை, ஏழு மணிக்குள் தொடங்கிவிடும். விமானம் தாமதமாகி எட்டு மணிக்குப் போனால் சாப்பாடும் இல்லை, அதற்கான பணமும் திரும்பாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. ‘வெஜிடேரியன்’ என்று குறிப்பில் எழுதினால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் வைப்பார்கள். காய்கறிக் குழம்பிலும் மிசோ சூப்பிலும் ‘தஷி’ என்ற சாறு இருக்கும், அது உலர்த்திய மீன் சீவலில் எடுப்பது. கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தஷி மட்டும் வேண்டும் என்று குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மெட்டியும் கொலுசும் போட்டிருப்பவர்கள் கந்தக நீரில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள். வெள்ளி சில நிமிடங்களில் கருத்துவிடும். ஓவாகுதானியில் விற்கும் கருப்பு முட்டையின் ஓட்டிலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது: நீரிலுள்ள இரும்பு ஓட்டில் ஒட்டி, ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து கருப்பாகிறது. உள்ளே வெறும் அவித்த முட்டைதான்.

பொதுக் குளியலுக்குக் கூச்சப்படுகிறவர்கள் அதிக விலை அறைக்கு ஓடவேண்டியதில்லை. ‘கஷிகிரி’ என்று பல விடுதிகளில் சிறு குளியலறையை ஒரு குடும்பத்துக்கு மட்டும் 45, 50 நிமிடம் பூட்டிக் கொடுப்பார்கள். சில இடங்களில் இலவசம், சிலவற்றில் கட்டணம். அதே ஊற்றுநீர்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பொதுக் குளியல்களில் அனுமதி கிடைக்காத பச்சை குத்தியவர்களுக்கும் இது நல்ல வழி.

ஏற்கனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால், சாவி வாங்குமுன்பே பேசுங்கள். அறைக்குள் போய்ப் படுத்து எழுந்தபின் கேட்டால் ஒரு யென்கூடத் திரும்பாது. வரவேற்பில் நின்றபடியே முன்பதிவுப் பக்கத்தின் படத்தையும் விடுதியின் மின்னஞ்சலையும் காட்டி, அறை மாற்றமோ கட்டணக் குறைப்போ கேளுங்கள். அவர்கள் முன்னிலையிலேயே தளத்தின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அறைத் தொட்டியில் ஓன்சென் இல்லை என்பதை விடுதி ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம் தொலைபேசி உதவி நடத்துகிறது, பல மொழிகளில் பேசுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அன்றே வங்கியில் தகராறு பதிவு செய்து, விளம்பரப் பக்கத்தையும் விடுதி தந்த தாளையும் சேர்த்து அனுப்புங்கள். விளம்பரப் பக்கத்தை முன்பதிவு நாளிலேயே படமெடுத்து வைத்திருக்க வேண்டும். புகார் போனதும் அந்தப் பக்கத்தின் வாசகத்தை மாற்றிவிடும் தளங்கள் இருக்கின்றன.