தூசிப்பூச்சி புகாத மெத்தை உறை: கடலூர் ஈரக்காற்றில் எந்த அளவுக்கு உதவுகிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காலையில் கண் விழித்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முகிற குழந்தைகள் உள்ள வீடுகளைக் குறிவைத்து, ‘அலர்ஜி தடுப்பு மெத்தை உறை’ என்ற பொருள் இப்போது பரவலாக விற்கப்படுகிறது. எட்டு வயது மகளுக்காக அப்படி ஒரு மெத்தை உறையையும் தலையணை உறையையும் வாங்கி, ஐப்பசி அடைமழையில் தொடங்கிச் சித்திரை வெயில் வரை பயன்படுத்தியிருக்கிறோம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

உறை எதைத் தடுக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீண். டஸ்ட் மைட் எனப்படும் தூசிப்பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாதது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சியே காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது கடிப்பதில்லை, அதன் கழிவுத் துகள்களில் உள்ள புரதம்தான் மூக்கைப் படுத்துகிறது. தண்ணீர் குடிக்காமல் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்வதால், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அது உலர்ந்து செத்துவிடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் கடலூர் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கார்த்திகையில் அலமாரியில் வைத்த தோல் செருப்புகூடப் பூஞ்சை பூத்துவிடும். சித்திரையில் மொட்டை மாடியில் காயப்போட்டுத் தட்டி எடுக்கிற இலவம்பஞ்சுத் தலையணையை மழைக்காலத்தில் எங்கே காயப்போடுவது? வெயில் கைவிடுகிற அந்த மாதங்களில்தான் இத்தகைய உறைக்கு வேலை இருக்கிறது.

ஆகவே, வாங்குவதற்கு முன் குழந்தையின் ஒவ்வாமை எதனால் என்று தெரிந்துகொள்வது அவசியம். எங்கள் மகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிட்டது. அதைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் தோல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முன்கையில் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் சாறுகளைச் சொட்டு சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்து எந்த இடம் தடித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே மருத்துவர் சொற்படி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும். மகளுக்குத் தூசிப்பூச்சிச் சாறு வைத்த இடம் தடித்தது. சவுக்குத் தோப்பின் மகரந்தமோ, சீமைக் கருவேலமோ, கொசுவர்த்திப் புகையோ காரணமாக இருக்கிற குழந்தைக்கு இந்த உறையால் நயா பைசா பயன் கிடையாது.

கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் சிறுநீர் நனையாமலிருக்கப் போடும் விரிப்புதான். நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மேல்பக்கத்தை மட்டும் மூடும் அந்த விரிப்பின் அட்டையிலும் ‘டஸ்ட் மைட் தடுப்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மெத்தையின் ஆறு பக்கத்தையும் பைபோல மூடி ஜிப்பால் அடைப்பதுதான் உண்மையான தடுப்பு உறை. துணியின் கண், அதாவது இழைகளுக்கு நடுவே உள்ள துளை, 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாமல் இருக்க வேண்டும். இந்த எண்ணை அட்டையில் போடாத பொருளை நான் வாங்க மாட்டேன். பின்னல் துணிக்கு அடியில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியது ஒரு வகை, மிக நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர் இன்னொரு வகை. எங்கள் மெத்தைக்கு முதல் வகை, தலையணைக்கு இரண்டாவது வகை.

இரண்டையும் அருகருகே பயன்படுத்தியதில் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. தலையணை உறை சாதாரணத் துணிபோலவே இருக்கிறது, சத்தமில்லை. மெத்தை உறையோ புரண்டு படுத்தாலே சரசரக்கிறது. “அம்மா, சிப்ஸ் பாக்கெட் மேல படுத்திருக்க மாதிரி இருக்கும்மா” என்று மகள் முதல் வாரத்தில் தினமும் முறையிட்டாள். மேலே தடிமனான பருத்தி விரிப்பு போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. வெப்பம்தான் பெரிய சிக்கல். பங்குனியில் இரவில் மின்சாரம் போனால் முதுகு நனைந்து குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். இந்த ஊருக்குப் படலம் ஒட்டிய வகை தோதுப்படாது. விலை கூடினாலும் நெய்த வகையையே வாங்கலாம்.

ஜிப் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ஜிப் முடிகிற மூலையில் கடைசிப் பல்லுக்கும் துணிக்கும் நடுவே குண்டூசித் தலை தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தது. 10 மைக்ரான் என்று அட்டையில் பெருமை பேசிவிட்டு மூலையில் இவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவைப்பதற்கு என்ன பெயர்? அகலமான துணி டேப்பை அந்த மூலையில் ஒட்டிச் சமாளித்தோம். ஜிப்பை இழுக்கும் உலோகப் பிடி உப்புக் காற்றில் மாசி மாதத்துக்குள் துருவேறி, விரிப்பில் பழுப்புக் கறை பதித்தது. பற்களும் பிடியும் நைலானாக உள்ளதா என்று பார்த்து வாங்குவது கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்லது.

பலன் உண்டா என்றால், உண்டு, ஆனால் அட்டையில் அச்சிட்ட அளவுக்கு இல்லை. கார்த்திகையில் காலைத் தும்மல் முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகக் குறைந்தது. எனினும் அதே சமயத்தில்தான் மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயையும் தொடங்கினார் என்பதால் முழுப் பெருமையையும் உறைக்குக் கொடுக்க முடியாது. பொங்கல் விடுமுறையில் பண்ருட்டி உறவினர் வீட்டுப் பழைய பஞ்சுத் தலையணையில் படுத்த மறுநாளே தும்மல் திரும்பியது. போகிப் புகையும் ஊர் முழுக்கச் சூழ்ந்திருந்ததால் தலையணையை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. ஆய்வுகளும் இப்படித்தான் இரு பக்கமும் பேசுகின்றன. 2003இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மூக்கு ஒவ்வாமைக்கு உறை மட்டும் போட்டதால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்விலோ, தூசிப்பூச்சி ஒவ்வாமையுள்ள ஆஸ்துமாக் குழந்தைகளில், ஓராண்டுக்குள் மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனைக்கு வந்தவர்கள் சாதாரண உறை போட்டவர்களில் 41.5 விழுக்காடாகவும் தடுப்பு உறை போட்டவர்களில் 29.3 விழுக்காடாகவும் இருந்தார்கள். மூக்கோடு நிற்காமல் நெஞ்சில் இழுப்பும் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெறும் தும்மலுக்கு என்றால் ஸ்பிரேக்குத்தான் முதலிடம், உறை அதற்குத் துணை.

உறை மாட்டியாயிற்று என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. உறைக்கு மேல் போடும் விரிப்பில் புதிய செதில்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் அதை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். சலவை இயந்திரத்தில் வெந்நீர் வசதி இல்லாத வீட்டில் இது கூடுதல் வேலைதான். வெந்நீர் அண்டாவைத் தூக்குகிற பொறுப்பை வீட்டு ஆண்களிடம் ஒப்படைத்துவிடலாம். உறையை அடிக்கடி துவைக்கத் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். படலம் ஒட்டிய வகையை இஸ்திரி போட்டால் கெட்டுவிடும்.

ஒற்றைக் கட்டில் மெத்தை உறைக்கு 1,900 ரூபாயும் தலையணை உறைக்கு 450 ரூபாயும் கொடுத்தோம். ஒரே நேரத்தில் இரண்டும் வாங்கக் கையைக் கடிக்கும் என்பவர்கள், குழந்தையின் மூக்கு இரவெல்லாம் பதிந்திருக்கும் தலையணைக்கான உறையை ஆவணியிலேயே வாங்கி மாட்டிவிட்டு, மெத்தை உறையை மருத்துவரிடம் கேட்ட பிறகு வாங்கலாம்.