பழைய ஃப்ளூயிடிக் வெர்னா: ஸ்டியரிங்கும் பின்சக்கரமும் எப்படி?

செகண்ட் ஹாண்ட் சந்தையில் ஹூண்டாயின் ஃப்ளூயிடிக் வெர்னாவுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. 2011 மே மாதம் இந்தியாவுக்கு வந்த வண்டி. 1.6 டீசலில் 128 பிஎஸ் சக்தி, 260 நியூட்டன் மீட்டர் டார்க். அன்றைக்குப் போட்டியாக இருந்த ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசலில்கூட 105 பிஎஸ்தான். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி என்பதால் பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் வைத்திருந்தவர்களிடம் கேட்டால் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வரும். நூறைத் தாண்டினால் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கிறது. பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘டொக் டொக்’ என்று தட்டுகிறது.

மூன்றையும் ஒரே நோயாக நினைத்துத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். தட்டல், சில நூறு ரூபாய் ரப்பரில் தீர்வது. துள்ளல், சாக் அப்சார்பரும் டயரும் மாற்றினால் பெரும்பாலும் அடங்குவது. ஸ்டியரிங்கின் லேசுத்தனம் வண்டியோடு பிறந்தது, அதை எந்தப் பட்டறையும் மாற்றித் தர முடியாது. இது தெரியாமல் முழு ஸ்டியரிங் காலத்தையே (column, ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழே போகும் தண்டுத் தொகுதி) மாற்றிவிட்டு, அதே துள்ளலோடு திரும்பி வருபவர்கள் உண்டு.

முதலில் தட்டல். இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் ஆயிலில் ஓடுவதல்ல. ஹூண்டாய் எம்டிபிஎஸ் என்று சொல்லும் மின்மோட்டார் ஸ்டியரிங் காலத்திலேயே, டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்பதை டார்க் சென்சார் அளக்கும். அதற்கேற்ப மோட்டார், திருகு வடிவப் பற்கள் கொண்ட ஒரு வார்ம் கியர் வழியாகக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும். மோட்டாரின் தண்டுக்கும் வார்ம் தண்டுக்கும் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது. ஃப்ளெக்சிபிள் கப்ளிங் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பாக எண் 56315 என்று தொடங்கும். வெயிலில் நின்று நின்று, வருடக்கணக்கில் நசுங்கி, அந்த ரப்பர் முதலில் இறுகும், பிறகு மாவாக உதிரும். உதிர்ந்ததும் இரு பக்கத்து உலோகப் பற்களுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. மோட்டார் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி மூடும்போது வருவதுதான் டொக். ஐ20, கிராண்ட் ஐ10, எலான்ட்ரா வைத்திருப்பவர்களும் இதே சத்தத்தைச் சொல்வார்கள்.

ஆபத்தா என்றால், உடனடி ஆபத்து இல்லை. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டமான ரேக் வரை போகும் தண்டு இந்த ரப்பரை நம்பி இல்லை. ரப்பர் இருப்பது மோட்டார் பக்கத்தில் மட்டும். ஆனால் நடுப்பகுதியில் ஸ்டியரிங் தொளதொளவென்று தெரியும், அந்த உணர்வோடு நெடுஞ்சாலையில் போவது களைப்பு.

கண்டுபிடிப்பது எளிது. வண்டி நின்றபடி, இன்ஜின் ஓட, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி ஃபேனை நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை நடுவிலிருந்து இடமும் வலமும் ஒரு விரல்கடை அளவுக்கு மட்டும் வேகமாக ஆட்டுங்கள். முழங்காலுக்கு மேலிருந்து சத்தம் வந்து, உள்ளங்கையிலும் தட்டினால் கப்ளிங்தான். இன்ஜினை அணைத்துவிட்டு அதே மாதிரி ஆட்டும்போது சத்தம் அடங்கினால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. இன்ஜின் அணைந்த பிறகும் தட்டினால், காலை வைக்கும் இடத்தில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் (காலத்தை ரேக் பக்கத்துத் தண்டோடு இணைக்கும் மூட்டு) பாருங்கள். அது இறுகியிருந்தால் ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் கனமும் இரண்டு இடத்தில் லேசும் தெரியும்.

மாற்றும் வேலை நுணுக்கமானது, ஆனால் பெரிதல்ல. கை பழகிய மெக்கானிக்குக்கு அரை நாள்கூட ஆகாது. சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கை அசையாதபடி கட்டிவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் வடிய சில நிமிடம் விட வேண்டும். டேஷ்போர்டின் கீழ்மூடியை எடுத்த பிறகு, யுனிவர்சல் ஜாயின்ட் தண்டில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டு அதன் போல்ட்டைக் கழற்றுவார்கள். காலத்தைப் பிடித்திருக்கும் போல்ட்களை எடுத்துக் கீழே இறக்கினால் மோட்டார் கைக்கு எட்டும். மோட்டாரைப் பிரித்ததும் பழைய ரப்பர் தூளாகக் கொட்டும். ஒரு துணுக்குகூட உள்ளே இருக்கக் கூடாது. புது நட்சத்திரத்தை வைத்து மோட்டாரை நேராகச் செருக வேண்டும். நுழையவில்லை என்று சுத்தியலால் தட்டினால் மோட்டார் கெடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஜாயின்ட்டைக் கழற்றிய பிறகு ஸ்டியரிங் சக்கரத்தை யாராவது சும்மா சுற்றிவிட்டால், அதன் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் நாடா அறுந்துபோகும். அடுத்த நாள் ஹாரன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு அணையாது. ரப்பருக்காகப் போய் அதைவிடப் பல மடங்கு செலவோடு வர வேண்டியிருக்கும். அதனால்தான் கட்டி வைக்கச் சொல்வது. ஸ்டியரிங் கட்டியிருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் நீங்களே பாருங்கள்.

சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது, சிலிக்கான் நிரப்புவது எல்லாம் வேண்டாம். சில மாதத்தில் பிதுங்கிவிடும். கடினமான பாலியூரித்தேன் நட்சத்திரமும் கிடைக்கிறது. நாள்பட உழைக்கும், ஆனால் மோட்டாரின் நடுக்கத்தைக் கொஞ்சம் கைக்குக் கொண்டுவரும். கம்பெனி ரப்பரே போதும். ‘காலமே போச்சு, முழு செட் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால், கப்ளிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் சொல்லும் மதிப்பீட்டுக்கு மதிப்பில்லை.

தட்டலையும் ஒட்டலையும் குழப்பக் கூடாது. நேர் ரோட்டில் நீண்ட நேரம் போனபின் ஸ்டியரிங் நடுவில் ஒட்டிக்கொண்டு, சின்னத் திருத்தத்துக்கு வராமல், பலம் கொடுத்ததும் சட்டென்று தாவினால் அது வார்ம் கியரில் உராய்வாக இருக்கலாம். இதே இடத்தில் ஏற்பட்ட கோளாறுக்காகத்தான் 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் கிட்டத்தட்ட 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2022 முதல் 2025 வரையிலான சிவிக் அதில் முக்கியமானது. அங்கே சொன்ன பரிகாரமும் வார்ம் கியர் ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸை ஒழுங்கு செய்வதுதான். வெர்னாவில் இந்த ஒட்டல் தெரிந்தால் முதலில் யுனிவர்சல் ஜாயின்ட்டையும், முன்சாக்கின் மேல் பேரிங்கையும் பாருங்கள். பேரிங் இறுகினால், வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. நின்ற இடத்தில் ஒடித்தால் ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று சுருண்டு விடுபடும்.

எம்டிபிஎஸ் விளக்கு எரிந்து ஸ்டியரிங் கல்லாகிவிட்டது என்றால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். முனையில் பூத்த வெள்ளைப் பொடி, தளர்ந்த எர்த் வயர் இரண்டும் இந்த விளக்கை எரிய வைக்கும். நெருக்கடியான பார்க்கிங்கில் கடைசி வரை ஒடித்து ஒடித்துப் பிடித்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக்கொள்ளும். அது பாதுகாப்பு, கோளாறல்ல.

இனி நெடுஞ்சாலை விஷயம். உண்மையில் இந்த வண்டியின் பெரிய குறை இங்கேதான். தி.நகர் சந்துகளிலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கைக்கு இதமாக இருக்கும் அதே லேசு, திருச்சி ரோட்டில் 110-இல் வரும்போது அப்படியே இருக்கிறது. வேகம் கூடக் கூட உதவி குறைய வேண்டும். இதில் குறைவது போதவில்லை. நடு நிலையில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கை உணர்வதில்லை. மின்மோட்டார் ஸ்டியரிங் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அதே 2011-இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டாவிலும் மின்மோட்டார்தான், அதன் கனமும் நேர்மையும் அப்போதே பாராட்டப்பட்டன. வெர்னாவில் மென்பொருள் அமைப்பு அப்படி.

இந்த லேசோடு பின்சக்கரத் துள்ளல் சேர்வதுதான் பயத்தைக் கொடுக்கிறது. பின்னால் டார்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் ஒரே உத்தரம் இணைக்கிறது, அது உடலோடு இரண்டு பெரிய ரப்பர் புஷ்ஷில் தொங்குகிறது. கம்பெனி சாக்குகள் மெத்தென்று இருப்பதற்காகத் தளர்வாக வைக்கப்பட்டவை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள் என்று ஏற்றிக்கொண்டு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் ஒரு முறை அமுங்கி எழுந்ததோடு நிற்காமல் மறுபடியும் எழுகிறது. வளைவில் அது நடந்தால் புஷ் ஒரு பக்கமாகப் பிதுங்கி, உத்தரம் முழுவதும் இம்மி அளவு திரும்புகிறது. அதாவது பின்னாலிருந்து வண்டி கொஞ்சம் ஸ்டியர் ஆகிறது. ஓட்டுபவர் திருத்தப் போகிறார், கைக்குக் கனம் தெரியாததால் தேவைக்கு மேல் திருத்திவிடுகிறார். தொப்பூர் இறக்கம் மாதிரி நீண்ட வளைவில், லாரிக்குப் பக்கத்தில், இந்த இரண்டாவது அசைவு மிக மோசமான உணர்வு.

இதில் பாதியைச் சரிசெய்ய முடியும், அதுவே பெரிய வித்தியாசம். பின்சாக்குகளை ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று மட்டும் எண்ணெய் கசிந்தாலும் இரண்டையும்தான். பின்னால் ஸ்பிரிங்கும் சாக்கும் தனித்தனி என்பதால் முன்பக்கத்தை விட எளிய வேலை. சற்று இறுக்கமான கேஸ் சாக் போட்டால் துள்ளல் ஒரே அசைவில் அடங்கும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது கூடவே கூடாது. சுமை ஏறியதும், சக்கரம் மேலே ஏறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி, வளைவில் பின்பக்கம் தூக்கும். பீம் புஷ் வெடித்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முக்கியமான ஒன்று: புஷ் போல்ட்களை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு, எடை இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து, புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். முன் லோயர் ஆர்முக்கும் இதே விதி. அவசரமான பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

டயர்: 185/65 ஆர்15, 195/55 ஆர்16 இரண்டும் கம்பெனி அளவு, இரண்டின் வெளிவிட்டமும் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். அகலம் வேண்டுமென்று பலர் போடும் 195/65 ஆர்15, விட்டத்தில் இரண்டு சதவீதம் பெரியது, பக்கச்சுவரும் உயர்கிறது. உயரமான சுவர் வளைவில் நெளியும், அதாவது குறையைக் கூட்டும். 15 இன்ச்சில் கம்பெனி அளவிலேயே நல்ல டயர் போடுவதுதான் என் தேர்வு. காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி. முழுச் சுமைக்கு அங்கே தனி அளவு இருந்தால் ஊருக்குப் போகும் முன் அதை வையுங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பழைய, இறுகிய டயரோடு ஓட்டிப் பார்த்து இந்த வண்டியின் குணத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பக்கம் இழுத்தால்: நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும், லேசான இட இழுப்பு இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், சுழலும் திசைக்குறி உள்ள டயரைத் தவிர. இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் காரணம், அலைன்மெண்ட் செலவு வீண். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் மூன்று–ஒன்பது இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். பன்னிரண்டு–ஆறில் ஆட்டம் இருந்தால் லோயர் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். மெதுவாகப் போகையில் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் ‘கடக்’, பெரும்பாலும் ஸ்டபிலைசர் லிங்க்.

2015 பிப்ரவரியில் வந்த 4எஸ் வெர்னாவில் சஸ்பென்ஷன் திருத்தப்பட்டது, துள்ளல் குறைந்தது. ஸ்டியரிங் லேசாகவே இருந்தது. 2017 ஆகஸ்டில் வந்த அடுத்த தலைமுறைதான் நெடுஞ்சாலையில் நம்பி ஓட்டலாம் என்ற அளவுக்கு மாறியது. நகரத்துக்குள் ஓட்டவும், எப்போதாவது வெளியூர் போய் வரவும் என்றால் ஃப்ளூயிடிக் நல்ல வண்டி. பின்சாக்கும் டயரும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வாரம் இரண்டு முறை குடும்பத்தோடு மதுரைக்கும் கோவைக்கும் ஓடுகிறவர்கள் பணம் கொஞ்சம் கூடினாலும் 4எஸ், முடிந்தால் 2017 எடுக்கட்டும்.

வாங்கும் முன் அலைன்மெண்ட் கடையில் ஒரு பிரின்ட் எடுங்கள், பின்சக்கர எண்களோடு. இந்த வண்டியில் முன் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் திருகி மாற்றக் கூடியது. பின்பக்கம் இட, வல எண்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வித்தியாசப்பட்டால் பீம் வளைந்திருக்கிறது, பெரும்பாலும் ஓரக்கல்லிலோ விபத்திலோ அடிவாங்கியிருக்கும். அந்த வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். முன் டோவைத் திருகிச் சக்கரத்தை நேராக்கிக் காட்டுவார்கள், பின்பக்கக் கோணல் அப்படியேதான் இருக்கும். அப்படிப்பட்ட பிரின்ட் கையில் வந்தால் விலை பேச வேண்டாம், அடுத்த வண்டியைப் பாருங்கள்.